மதுரையில் பிறந்த கணித மேதை அகஸ்டஸ் டி மார்கன்

மதுரை என்றதும் நம் நினைவுக்கு வருபவை வானளாவிய கோபுரங்களும், சங்கத் தமிழும், மணக்கும் மல்லிகையும்தாம். அந்த மாநகரம் உலகிற்கு ஒரு கணித மேதையையும் தந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கணங்களைப் பற்றிய பாடத்தில் டி மார்கன் விதிகளை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். அந்த டி மார்கன் யார் என்று ஒரு நாளாவது கேட்டோமா? அவர் வாழ்வைத் தெரிந்துகொள்வது நமக்குப் பெருமை தருவதோடு பயனும் தரும். ஏனெனில் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் ஒவ்வொருவரும் நாள்தோறும் அவருடைய விதிகளைத்தான் கையாள்கிறார்கள். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் நம் சகோதரிகளுள் பலர் நாளை அந்தப் பணிக்குச் செல்லப் போகிறவர்கள் அல்லவா?

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

அகஸ்டஸ் டி மார்கன் 1806-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்தவர். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே கண்நோய் கண்டு வலக்கண் பார்வையை இழந்தது. ஏழு மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தந்தை மட்டும் பின்னர் மீண்டும் இந்தியா வந்து பணியாற்றினார். 1816-இல் தாயகம் திரும்பும் வழியில், செயின்ட் ஹெலினா தீவுக்கு அருகே கடலிலேயே அவர் இறந்தார். அப்போது அகஸ்டஸுக்குப் பத்து வயது.

பள்ளியில் அவர் துன்பப்பட்டார். ஒரு கண் தெரியாததால் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாட முடியவில்லை. அந்தக் குறையையே வைத்துக் கொடிய விளையாட்டுக் காட்டிய பிள்ளைகளும் இருந்தனர். கணிதத்தில் அவர் வல்லவர் என்பதும் பதினான்கு வயது வரை எவருக்கும் தெரியாது. ஒரு நாள் அவர் கவராயமும் அடிக்கோலும் கொண்டு யூக்ளிட் நூலிலுள்ள படம் ஒன்றை மிக அழகாக வரைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த குடும்ப நண்பர் ஒருவர், வடிவக் கணிதம் என்பது படம் வரைவது அன்று, காரணம் காட்டி மெய்ப்பிப்பது என்று பொறுமையாக விளக்கினார். அன்று திறந்தது அவருடைய அகக்கண்.

அவருடைய தாய்வழிக் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் டாட்சன் என்பவரும் கணித ஆசிரியரே. ஆனால் பள்ளி வாத்தியாராக இருந்த முன்னோரைப் பற்றிப் பேசவே வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்பட்டார்களாம்! அந்த வாத்தியாரின் கொள்ளுப்பேரன்தான் பின்னாளில் அக்குடும்பத்தின் பெயரை உலகெங்கும் விளங்கச் செய்தார்.

ஒரு நிபந்தனையும் ஓர் இளைஞரும்

1823-இல் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827-இல் கணிதச் சிறப்புத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். மேலே முதுகலைப் பட்டமும், கல்லூரி உறுப்பினர் பதவியும் காத்திருந்தன. ஆனால் அவற்றிற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கை விதிகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். கத்தோலிக்கரும், யூதரும், ஏனைய பிரிவினரும் இந்த ஒரு நிபந்தனையாலேயே அக்காலத்தில் பட்டமின்றி வெளியே நிற்க நேர்ந்தது. டி மார்கன் அந்தத் திருச்சபையிலேயே வளர்க்கப்பட்டவர். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். ஆனால் படிப்புக்கு முன்னால் சமயத்தை நிபந்தனையாக வைப்பது தவறு என்று அவர் மனச்சாட்சி சொன்னது. கையெழுத்திட மறுத்தார். கேம்பிரிட்ஜின் கதவு அவருக்கு அடைபட்டது.

சட்டம் படிக்கலாம் என்று லண்டன் சென்றார். அவ்வேளையில் சமய நிபந்தனை எதுவுமின்றி எல்லாருக்கும் கல்வி தரும் நோக்கத்தோடு லண்டனில் ஒரு புதிய பல்கலைக்கழகம் உருவாகிக்கொண்டிருந்தது. இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று பெயர் பெற்றுள்ள நிலையம் அது. 1828-இல் அதன் முதல் கணிதப் பேராசிரியராக டி மார்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று!

1831-இல் உடன் பணிபுரிந்த பேராசிரியர் ஒருவரை நிர்வாகத்தார் தக்க காரணம் காட்டாமல் நீக்கினர். டி மார்கன் தம் பதவியைத் துறந்து வெளியேறினார். 1836-இல் அவர் இடத்திற்கு வந்தவர் நீரில் மூழ்கி இறந்துவிடவே, கல்லூரி தவித்து நின்றது. மாணவரின் நன்மையைக் கருதி மீண்டும் வந்து முப்பது ஆண்டுகள் கற்பித்தார்.

நல்லாசிரியர்

அவர் வகுப்பு, மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வகுப்பு அன்று. ஒரு கருத்தை அதன் வேரிலிருந்து விளக்குவார். பிறகு கணக்குகள் கொடுப்பார். மாணவர் செய்த கணக்குகளைத் தாமே திருத்துவார். தேர்வுக்காக மட்டும் மூளையைத் திணித்து நிரப்பும் படிப்பை அவர் அடியோடு வெறுத்தார். பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள்.

பென்னி சைக்ளோபீடியா என்ற மலிவு விலைக் கலைக்களஞ்சியத்திற்கு 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதித் தந்தார். ஏழை எளியவரும் அறிவு பெற வேண்டும் என்பதே அவர் ஆசை. கணிதத் தொகுத்தறிதல் முறைக்கு இன்று உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1865-இல் லண்டன் கணிதக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

பிறந்த நாட்டையும் அவர் மறக்கவில்லை. தில்லிக் கல்லூரி ஆசிரியர் இராமச்சந்திரர் எழுதிய கணித நூல் ஒன்று 1850-இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. அதன் அருமையை உணர்ந்த டி மார்கன், கம்பெனி இயக்குநர்களிடம் பரிந்து பேசி, தாமே முன்னுரை எழுதி, 1859-இல் லண்டனில் மறுபதிப்பு வரச் செய்தார்.

அவருக்கு வேடிக்கைப் புதிரிலும் விருப்பம் உண்டு. தம் வயதின் வர்க்கமாக அமைந்த ஆண்டில் தாம் வாழ்ந்ததாகப் புதிர் போடுவார். 43-ஐ 43-ஆல் பெருக்கினால் 1849. அந்த ஆண்டில் அவருக்கு வயது 43. 1980-இல் பிறந்த நம் தாய்மாருக்கும் இந்தப் பேறு கிடைத்தது. 45-ஐ 45-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2025 வரும்!

‘உம்’ என்பதும் ‘அல்லது’ என்பதும்

1847-இல் அவர் தருக்கவியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து தாமே கற்றுயர்ந்த ஜார்ஜ் பூல் என்பவரும் அதே ஆண்டில் தம் தருக்க நூலை வெளியிட்டார். இருவரும் போட்டியாளராக அன்றி நண்பராகவே வாழ்ந்தனர். மனிதன் சிந்திக்கும் முறையைக் கணக்கைப் போல எழுத முடியும் என்று இருவரும் காட்டினர். டி மார்கன் பெயரால் வழங்கும் விதிகள் இந்தப் பணியைச் சேர்ந்தவை. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஓக்கம் வில்லியம், இவ்விதிகளைச் சொற்களில் முன்பே சொல்லியிருந்தார். அவற்றிற்குக் கணித உருவம் தந்தவர் டி மார்கன்.

அவ்விதிகளை நம் ஊர் வழக்கத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. மதகைத் திறப்பவருக்கு ஒரு கட்டளை தருவதாக வைத்துக்கொள்வோம். ஏரியில் தண்ணீரும் இருந்து, வயலும் காய்ந்திருந்தால் மதகைத் திற என்பது கட்டளை. அப்படியானால் எப்போது திறக்கக் கூடாது? சட்டென்று கேட்டால் நம்மில் பலர், ஏரியில் தண்ணீரும் இல்லாமல் வயலும் காயாமல் இருந்தால் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவோம். இது தவறு. ஏரி நிரம்பியிருக்கிறது, வயலிலும் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொன்ன தடை அங்கே பொருந்தாது. மதகு திறக்கப்படும், பயிர் மூழ்கும், ஓர் ஆண்டு உழைப்பு அழுகிப் போகும்.

சரியான விடை, ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டாலோ அல்லது வயல் காயாவிட்டாலோ திறக்கக் கூடாது என்பதே. இரண்டில் ஒன்று குறைந்தாலும் போதும், மதகு மூடியே இருக்க வேண்டும். இதுதான் முதல் விதி. ‘இதுவும் அதுவும்’ என்பதை மறுக்கும்போது ‘உம்’ மறைந்து ‘அல்லது’ வந்துவிடும்.

இரண்டாம் விதி இதற்கு மறுதலை. காய்ச்சலோ அம்மையோ கண்டால் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சகோதரிகள் சொல்கிறார்கள். யார் வரலாம்? காய்ச்சலும் இல்லாமல், அம்மையும் இல்லாமல் இருப்பவர் மட்டுமே வரலாம். இங்கே ‘அல்லது’ மறைந்து ‘உம்’ வந்துவிட்டது. இவ்வளவுதான் டி மார்கன் விதிகள்! சேர்ப்பு, வெட்டு, நிரப்பி என்று பாடநூலில் நாம் படித்ததன் உட்பொருள் இதுவே.

கணிப்பொறிக்குச் சொல்லும் நிபந்தனை

1937-இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன், மின்சாரச் சுவிட்சுகளைக் கொண்டே இந்த ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ கணக்குகளைச் செய்யலாம் என்று தம் ஆய்வேட்டில் காட்டினார். அதன்மேல் எழுந்ததே இன்றைய கணிப்பொறி.

இன்று ஓர் அலுவலகத்தில் நூறு கணிப்பொறிகள் இருந்தால், ஒவ்வொன்றின் முன்னும் போய் அமர்ந்து யாரும் வேலை செய்வதில்லை. செய்ய வேண்டிய வேலைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். கணிப்பொறிகள் தாமாகவே அவற்றை நிறைவேற்றிக்கொள்கின்றன. 2012-இல் வெளிவந்த ஆன்சிபிள் என்ற மென்பொருள் இதற்குப் பெயர் பெற்றது. அதில் ஒரு வேலையின் கீழே ‘வென்’ என்று ஒரு வரி எழுதலாம். எப்போது செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கணிப்பொறியிலும் அந்த நிபந்தனை தனித்தனியே பார்க்கப்படும். பொருந்தினால் வேலை நடக்கும். பொருந்தாவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டதாக அறிவித்து, அடுத்த வேலைக்குச் செல்லும். முன்னே நடந்த ஒரு வேலையின் முடிவைப் பெயரிட்டு வைத்துக்கொண்டு, பின்னே வரும் வேலைக்கு அதையே நிபந்தனையாக்கவும் முடியும். நிபந்தனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிட்டால் எல்லாம் பொருந்த வேண்டும் என்று பொருள். ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் என்றால் ‘ஆர்’ என்ற சொல்லையும், மறுப்பதற்கு ‘நாட்’ என்ற சொல்லையும் எழுத வேண்டும்.

இங்கேதான் பாகூர் மதகின் பாடம் நமக்கு உதவுகிறது. கணிப்பொறியின் சேமிப்புத் தட்டு நிரம்பியும், கோப்புகளுக்கு நகல் எடுத்தும் இருந்தால் பழைய கோப்புகளை அழித்துவிடு என்று ஒருவர் எழுத நினைக்கிறார். அதையே திருப்பி, எப்போது அழிக்கக் கூடாது என்று எழுதப் புகுகிறார். தட்டு நிரம்பாமலும் நகல் எடுக்காமலும் இருந்தால் அழிக்காதே என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? தட்டு நிரம்பி, நகலும் இல்லாத கணிப்பொறியில் கோப்புகள் எல்லாம் அழிந்து போகும். ‘அல்லது’ வர வேண்டிய இடத்தில் ‘உம்’ வந்தது ஒன்றே குற்றம். மதகடியில் நிற்கும் மனிதராவது வயலை ஒரு முறை எட்டிப் பார்ப்பார். கணிப்பொறி எட்டிப் பார்ப்பதில்லை. நாம் சொன்னதையே நூறு இடத்திலும் தவறாமல் செய்து முடிக்கும்.

ஆகவே நிபந்தனை எழுதும் முன் ஒரு தாளில் சிறிய அட்டவணை போடுவது நல்லது. இரண்டு நிபந்தனை என்றால் நான்கு வரிகள், மூன்று என்றால் எட்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தால் பிழை தானே வெளிப்படும். உண்மையில் எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் ஆன்சிபிளில் உண்டு. ஆண்டு விழாவுக்கே ஒத்திகை பார்க்கும் நாம் இதற்குப் பார்க்க வேண்டாமா?

பெண் கல்வியும் டி மார்கனும்

1840 முதல் டி மார்கனிடம் கடிதம் வழியே உயர்கணிதம் பயின்ற ஒரு மாணவியைப் பற்றி நாம் அவசியம் அறிய வேண்டும். அவர் கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ். பாபேஜ் திட்டமிட்ட கணக்குப் பொறியைப் பற்றி 1843-இல் அவர் வெளியிட்ட குறிப்புகளே, கணிப்பொறிக்கான கட்டளை வரிசைக்கு முன்னோடி என்று போற்றப்படுகின்றன.

1844-இல் டி மார்கன் ஏடாவின் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜில் சேரும் ஓர் இளைஞனிடம் இத்தகைய ஆற்றலைக் கண்டால், அவன் முதல் தரமான ஆராய்ச்சியாளன் ஆவான் என்று தாம் கூறுவதாக அதில் மனமாரப் புகழ்ந்தார். ஆனால் பெண்ணின் உடல் இவ்வளவு கடுமையான சிந்தனையைத் தாங்குமா என்ற அச்சத்தையும் உடன் எழுதினார். பாருங்கள்! பிறர் விதித்த தவறான நிபந்தனையைத் துணிந்து மறுத்தவர் அவர். அவருடைய மனத்திலேயே, ஆராயப்படாத ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. பெண் என்றால் முடியாது என்பது அது. மேதைகளும் தம் காலத்தின் பிழையிலிருந்து முற்றும் தப்புவதில்லை.

ஆனாலும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1849-இல் லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கியபோது, அங்கே முதலாண்டில் வகுப்பு எடுத்தார். அவர் மனைவி சோபியாவும் பெண் கல்விக்கு உழைத்தவர். மகள் மேரி குழந்தைகளுக்கான கதைகள் எழுதிப் புகழ்பெற்று, பிற்காலத்தில் எகிப்து நாட்டில் சிறுமியர் சீர்திருத்தப் பள்ளி ஒன்றை நடத்தினார்.

இறுதிக் காலம்

1866-இல் அவர் வாழ்வின் பெரிய சோதனை வந்தது. யூனிவர்சிட்டி காலேஜில் தருக்கவியல் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் மார்ட்டினோ என்ற அறிஞர் விண்ணப்பித்திருந்தார். அவர் யூனிட்டேரியன் பிரிவின் போதகர் என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டார். சமய நிபந்தனை இல்லை என்ற உறுதியின் மேல் எழுப்பப்பட்ட கல்லூரி, தன் உறுதியைத் தானே மீறியதாக டி மார்கன் கருதினார். அறுபது வயதில், வாழ்நாள் எல்லாம் உழைத்த இடத்தை விட்டு இரண்டாம் முறையாக வெளியேறினார். அடுத்த ஆண்டே, கணிதத்தில் சிறந்து விளங்கிய மகன் ஜார்ஜ் இறந்தான். 1870-இல் ஒரு மகளையும் இழந்தார். உடல் நலிந்து, 1871-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் கண்மூடினார்.

எந்தச் சபையிலும் வெளிப்படையாகச் சேராதவர் என்பதால் அவரை நம்பிக்கையற்றவர் என்று சிலர் எண்ணியிருந்தனர். அவருடைய உயிலோ, இயேசு கிறிஸ்துவின் தந்தையாகிய இறைவனிடம் தம்மை ஒப்படைப்பதாகக் கூறியது. அந்த நம்பிக்கையை வாயால் அறிக்கையிடாததற்கு அவர் அதில் காரணமும் சொல்லியிருந்தார். தம் காலத்தில் அப்படி அறிக்கையிடுவது உலகில் முன்னேறுவதற்கு வழியாக இருந்ததாம்.

அவர் மறைந்து மூன்று மாதங்கள் ஆவதற்குள், 1871 ஜூன் மாதத்தில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் சமய நிபந்தனையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1878-இல் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டங்களைத் திறந்துவிட்டது. அவர் கையெழுத்திட மறுத்த நிபந்தனையும் போயிற்று. அவர் மனத்தில் ஒளிந்திருந்த நிபந்தனையும் பொய்யாயிற்று.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் கணிப்பொறிக்கு நிபந்தனை எழுதும்போது ‘உம்’ எது, ‘அல்லது’ எது என்று ஒரு கணம் நின்று பாருங்கள். உங்கள் வாழ்க்கைக்கு மற்றவர் நிபந்தனை எழுதும்போதும் அவ்வாறே நின்று பாருங்கள். கிராமத்துப் பெண் என்றால், ஏழை என்றால், உடலில் குறை உள்ளவள் என்றால் இது முடியாது என்று எவரேனும் சொன்னால், அந்த நிபந்தனை மெய்யா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு கண்ணோடு உலகைப் பார்த்த மதுரைக் குழந்தை நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. அதைக் கணக்கு நோட்டோடு நிறுத்திவிடாமல் நெஞ்சிலும் எழுதிக்கொள்வோமாக!